பட்டாளத்துக்குப் போகலாமா என்று கேட்ட தம்பிக்கு

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பகாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கும் 19 வயதுத் தம்பி கேட்டிருக்கிறான். எஸ்.பி.எம். என்ற ஐந்தாம் படிவத் தேர்வை முடித்துவிட்டான், மலாய்மொழியில் நல்ல தேர்ச்சி, கணிதம் சுமார். அப்பா பழக்குலை லோரி ஓட்டுகிறார். ஜொகூரில் ஒரு தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிறார்கள், கூட்டாளிகள் இரண்டு பேர் கிளம்பிவிட்டார்கள். இவனுக்கு ராணுவத்தில் சேர ஆசை, அம்மா அழுகிறார். "மாமா, நீங்க இருபத்தொரு வருஷம் இருந்தவரு. பயிற்சியைத் தாங்க முடியுமா, நம்ம ஆளுங்களுக்கு அங்க மரியாதை இருக்குமா, சேரலாமா வேணாமா, நேரா சொல்லுங்க" என்கிறான்.

சரி தம்பி, நேராகவே சொல்கிறேன். நீ முதலில் பயப்படுவது பயிற்சிக்கு, ஆனால் அதில் பயப்பட அவ்வளவு இல்லை. நீ கேட்காமல் விட்ட ஒன்று இருக்கிறது, அதைத்தான் நன்றாக யோசிக்க வேண்டும். ஐந்தாவது வருஷத்திலிருந்து பதினைந்தாவது வருஷம் வரை உன் வாழ்க்கை எப்படி இருக்கும் என்பது. பட்டாளத்தை விட்டு ஓடியவர்களில் பயிற்சியில் ஓடியவர்களை நான் கொஞ்சம்தான் பார்த்தேன், பெரும்பாலோர் இந்த நடு வருஷங்களில்தான் மனம் உடைந்து வெளியே வந்தார்கள்.

பயிற்சியை முதலில் முடித்துவிடுவோம். தரைப்படைக்கு அடிப்படைப் பயிற்சி போர்ட்டிக்சனில், பூசாஸ்டா என்று சொல்வார்கள், ஆறு மாதம். உன் வீட்டிலிருந்து பார்த்தால் அதே மாநிலம். காலையில் இருட்டோடு எழவேண்டும், ஓட வேண்டும், கத்துவார்கள், தூக்கம் போதாது, கட்டிலில் போர்வையின் மடிப்பு ஒரு விரல் விலகினால் எல்லாருக்கும் சேர்த்துத் தண்டனை. முதல் மூன்று வாரம் "ஏன் வந்தோம்" என்று தோன்றாத ஆளே கிடையாது, அப்புறம் உடம்பு பழகிவிடும். நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. விடியுமுன்னே எழுந்து பெரட்டுக்குப் போகும் அப்பா அம்மாவைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம், பெரட்டு என்ற சொல்லே பரேட் என்பதிலிருந்து வந்ததுதான். களத்தில் வரிசையாக நின்று பேர் கூப்பிட்டதும் குரல் கொடுப்பது நமக்குப் புதிதில்லை.

நான் 1998இல் போனேன். குடும்பத்தார் பார்க்க வரலாம் என்று விட்ட முதல் ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து ஒரு வேன் பிடித்துப் பதினொரு பேர் வந்துவிட்டார்கள். அம்மா புளிச்சாதமும் கோழி வறுவலும் வாழையிலையில் கட்டி எடுத்து வந்திருந்தார். சாப்பிட உட்கார்ந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். கயிறு ஏறி உள்ளங்கை முழுக்கக் கொப்புளம், சிலது உடைந்து காய்ந்துபோயிருந்தது. இருபது வருஷத்துக்கு மேல் ரப்பர் பால் மரம் வெட்டியவர், அவர் கை எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். "என் கையைவிட மோசமா இருக்கேடா" என்றார், ஆனால் அழவில்லை. என் கையை அவர் மடியில் வைத்துக்கொண்டு, சாதத்தை அவரே ஊட்டினார், பக்கத்தில் இருந்த மலாய்க்காரப் பையனுக்கும் ஒரு பங்கு எடுத்துக் கொடுத்தார். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அம்மா அழுகிறார் என்று எழுதியிருக்கிறாய். அவர் வந்து கண்ணால் பார்க்கும் வரைதான் அந்த அழுகை.

இனி அந்த நடு வருஷங்கள். நான் கல்யாணம் பண்ணியது ஆறாவது வருஷத்தில். 2013 பிப்ரவரியில் சபாவில் லகாட் டத்துவில் ஆயுதக் கும்பல் ஊடுருவியது, போலீஸ்காரர்களும் ராணுவ வீரர்களும் உயிரை விட்டார்கள். மார்ச்சில் எங்கள் ஆட்களையும் அனுப்பினார்கள். என் மூத்த மகள் அந்த ஜனவரியில்தான் தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குப் போயிருந்தாள், சின்னவனுக்கு இரண்டு வயது. பகாவில் ஒரு வாடகை வீட்டில் மனைவி பிள்ளைகளோடு தனியாக இருந்தார். நான் பல மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது வாசலில் என் பழைய சிலிப்பர் இருந்தது. வேலைக்குப் போகுமுன் அலமாரிக்கடியில் தள்ளிவிட்டுப் போனது. "இது ஏன் வெளியே?" என்று கேட்டேன். ராத்திரியானால் அதை வாசலில் எடுத்து வைப்பாராம், ஆம்பளை வீட்டில் இருக்கிற மாதிரித் தெரியட்டும் என்று. தினமும் ஒரே மாதிரி கிடந்தால் சந்தேகம் வரும் என்று சில நாள் திருப்பிப் போடுவாராம், மழை நாளில் உள்ளே எடுத்து வைப்பாராம். எனக்கு அப்போது பதினைந்து வருஷ சர்வீஸ். போர்ட்டிக்சனில் வராத கண்ணீர் எனக்கு அன்றைக்கு வந்தது.

அதனால்தான் சொல்கிறேன், "ஆறு மாதம் தாங்குவேனா" என்று உன்னைக் கேட்டுக்கொள்ளாதே. கோயில் திருவிழாவுக்கு இல்லாமல், தங்கச்சி கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி வந்து மறுநாளே கிளம்பி, அப்பாவுக்கு உடம்பு முடியாதபோது போனில் மட்டும் பேசி, இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வேறு முகாமுக்கு மூட்டை கட்டி, இப்படிப் பத்து வருஷம் இருக்க மனசு ஒத்துக்கொள்கிறதா என்று கேள். ஒத்துக்கொண்டால் மேலே படி. தயங்கினால் தப்பே இல்லை, ஆனால் அந்தத் தயக்கத்தை மறைத்துக்கொண்டு போகாதே.

ஏன் இருபத்தொரு வருஷம் என்று கேட்பாய். அதிகாரி அல்லாத சாதாரணப் படையினருக்கு ஓய்வூதியக் கணக்கு அங்கேதான் நிற்கிறது. 21 ஆண்டு முடித்தவர் ஓய்வூதியத்தோடு வெளியே வருவார். ஒப்பந்தம் முடிந்து இடையில் வந்தவருக்கு எல்.தி.ஏ.தி.யில் சேர்ந்த பணம் மாதிரி சிலது கையில் வரும், மாதாமாதம் வரும் ஓய்வூதியம் வராது. 1972இலிருந்து இருக்கிற படைவீரர் சேமநிதிதான் எல்.தி.ஏ.தி., சம்பளத்தில் உன் பங்கும் அரசாங்கத்தின் பங்கும் அதில் போய்ச் சேரும். பதினைந்து, பதினாறு வருஷம் இருந்துவிட்டு வெளியே வந்த ஆட்கள் இப்போது பாதுகாவலர் வேலைக்கு நிற்பதைப் பார்க்கிறேன், ரொம்ப வருத்தமாக இருக்கும். அரசு வேலைகளின் ஓய்வூதிய விதிகள் இப்போது மாறிக்கொண்டிருக்கும் காலம். எனக்குக் கிடைத்ததே உனக்கும் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளாமல், நீ கையெழுத்துப் போடும் நாளில் உனக்கு எந்த விதி என்று அதிகாரியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடு. வெட்கப்படாதே, அது உன் உரிமை.

அப்புறம் இன்னொரு கணக்கு. 19இல் சேர்ந்தால் 40இல் வெளியே வருவாய். நாற்பது வயது ஓய்வெடுக்கும் வயதில்லை. பிள்ளைகள் பள்ளியில் இருக்கும், ஓய்வூதியம் முழுச் சம்பளமும் இல்லை, இன்னும் இருபது வருஷம் உழைக்க வேண்டும். அந்த நாளில் உன் கையில் ஒரு தொழில் இருக்குமா இருக்காதா என்பதை முடிவு செய்வது, நாற்பதில் இல்லை, இப்போதுதான். எந்தப் பிரிவில் சேர்கிறாய் என்பதில் அது இருக்கிறது.

நான் வாகனம், மின்சாரம், ஆயுதம் எல்லாம் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்தேன், கே.ஜே.எல்.ஜே.டி. என்பார்கள். மூன்று டன் லோரி இஞ்சினைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டது அங்கேதான். வெளியே வந்த மூன்றாம் மாதம் பகாவில் பட்டறை போட்டேன், இன்றைக்கும் அதுதான் சோறு போடுகிறது. என்னோடு பயிற்சி முடித்த ஒருவன் காலாட்படைக்கு ஆசைப்பட்டுப் போனான். நல்ல வீரன், என்னைவிடப் பத்து மடங்கு தைரியசாலி, எல்லைக் காவலில் காட்டுக்குள் மாதக்கணக்கில் கிடந்தவன். நாற்பதில் வெளியே வந்தபோது முழங்கால் தேய்ந்திருந்தது, கையில் சான்றிதழ் எதுவும் இல்லை. வெளியேறுமுன், முன்னாள் படைவீரர் நலக் கழகமான பெர்ஹெபாட் நடத்தும் தொழில் பயிற்சியில் குளிர்சாதனம் படித்துப் பிறகுதான் நிமிர்ந்தான். காலாட்படையைக் குறைத்துச் சொல்லவில்லை, பட்டாளத்துக்கு முதுகெலும்பே அவர்கள்தான். ஆனால் உன் நிலைமையில், வீட்டில் சொத்து இல்லாத பிள்ளைக்கு, இயந்திரமோ சமிக்ஞையோ மருத்துவமோ பொறியியலோ, ஒரு கைத்தொழிலோடு வரும் பிரிவைக் கேட்டுப் போராடு. கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் ஒரு தொழிற்பயிற்சிச் சான்றிதழோடு போனவனுக்கும் வெறும் எஸ்.பி.எம்.மோடு போனவனுக்கும் அந்த நேரத்தில் வித்தியாசம் தெரியும்.

சம்பளம் பற்றி நீண்ட நேரம் பேச வேண்டியதில்லை. 2025 பிப்ரவரியிலிருந்து நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). தொழிற்சாலையில் ஓ.டி. நன்றாக இருக்கும் மாதத்தில் உன் கூட்டாளி உன்னைவிட அதிகம் எடுப்பான், அதைப் பார்த்து மனம் வாடாதே. 2024 டிசம்பரில் அரசுச் சம்பளத்தைத் திருத்தினார்கள், 2026 ஜனவரியில் அடுத்த கட்டமும் வந்தது, முன்பு மாதிரி இப்போது மோசம் இல்லை. முகாமில் தங்க இடம், உடுப்பு, வைத்தியம், குடும்பத்துக்கு ராணுவக் குடியிருப்பு, இதெல்லாம் கணக்கில் வராத சம்பளம். பயமாக இருப்பது வேறு. முதல் சம்பளச் சீட்டு கைக்கு வந்ததும் கடன் கொடுக்க ஆள் வரிசையில் நிற்பார்கள், சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளும் கடன், கார் கடன், எல்லாம் சிரித்த முகத்தோடு வரும். 22 வயதில் புதுக் கார் எடுத்து, 35 வயது வரை மாதக் கடைசியில் கையில் இருநூறு வெள்ளியோடு நின்றவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். கடன் வாங்கியே ஆக வேண்டுமென்றால் வீட்டுக்கு வாங்கு, அரசு ஊழியர் வீட்டுக்கடன் எல்.பி.பி.எஸ்.ஏ.யில் இருக்கிறது. ராணுவக் குடியிருப்பு உன் வீடு இல்லை, வெளியே வரும்போது சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். தோட்டத்தில் வேலை போனால் லயத்தையும் காலி பண்ணச் சொல்வதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் ஆட்களுக்கு மரியாதை இருக்குமா என்றாய். இதில் பூசி மெழுகமாட்டேன். எண்ணிக்கையில் நாம் மிகவும் குறைவு. ஒரு படைப்பிரிவில் நீ ஒருத்தன் மட்டும் தமிழனாக இருக்கும் காலம் வரும். 1933இல் போர்ட்டிக்சனில் தொடங்கிய அரச மலாய் ரெஜிமெண்டில் மலாய்க்காரர்கள் மட்டுமே சேரலாம், காலாட்படை வேண்டுமென்றால் நமக்குப் பல இனமும் சேர்ந்திருக்கும் ரெஞ்சர் படைதான். மற்ற பிரிவுகள் எல்லாருக்கும் திறந்திருக்கின்றன. சாப்பாட்டுக்கூடத்தில் மாட்டிறைச்சி வரும் நாளில் முட்டையோ மீனோ எடுத்துக்கொள்வேன், யாரும் வற்புறுத்தியதில்லை, ஆனால் முதல் நாளே நீயாகச் சொல்லிவிட வேண்டும், மௌனமாக இருந்துவிட்டுப் பிறகு குறைப்பட்டால் யாருக்கும் புரியாது. நோன்புப் பெருநாளுக்கு நானே கேட்டு டியூட்டியில் நிற்பேன். அதனால் தீபாவளிக்கு எனக்காக நிற்க மூன்று பேர் முன்வருவார்கள். என் நெருங்கிய நண்பர்களில் பாதிப் பேர் இன்றைக்கும் கிளந்தான் மாநிலத்து மலாய்க்காரர்கள், மகள் கல்யாணம் என்றால் அங்கிருந்து வண்டி பிடித்து வருவார்கள்.

கசப்பும் உண்டு. ஒரு முறை எனக்கு வர வேண்டிய பதவி உயர்வுப் பயிற்சியில் என் பெயரை ஓர் அதிகாரி எடுத்துவிட்டு எனக்குப் பின்னால் வந்தவனைப் போட்டார், காரணம் சொல்லவில்லை. இரண்டு வருஷம் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அடுத்து வந்த அதிகாரி, அவரும் மலாய்க்காரர்தான், என் பழைய அறிக்கைகளை எல்லாம் எடுத்துப் படித்துவிட்டு என்னை அனுப்பிவைத்தார், சார்ஜனாக வெளியே வந்தேன். ஆளைப் பொறுத்துத்தான் எல்லாம். பெரிய உதாரணம் வேண்டுமென்றால் கடற்படையைப் பார். 1967இல் அதற்குத் தலைமையேற்ற முதல் மலேசியர் கே. தனபாலசிங்கம், அப்போது அவருக்கு வயது 31. அந்தக் காலம் வேறு என்பதும் உண்மை, ஆனால் வாசல் நமக்கு அடைத்தது என்று யாராவது சொன்னால் அந்தப் பெயரை நினைத்துக்கொள்.

கொடுமைப்படுத்தல் பற்றி உன் அம்மா செய்தியில் பார்த்திருப்பார். 2017இல் தேசியப் பாதுகாப்புப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் சக மாணவர்களின் சித்திரவதையால் இறந்தார், வழக்கு நடந்து தண்டனையும் கிடைத்தது. அப்படி நடக்காது என்று அம்மாவிடம் சத்தியம் பண்ணாதே. பயிற்சியின் கடுமை வேறு, தனியாக அறையில் வைத்து அடிப்பது வேறு. இரண்டாவது நடந்தால் உனக்கு நடந்தாலும் பக்கத்துக் கட்டில்காரனுக்கு நடந்தாலும் மேலதிகாரியிடம் போ, வீட்டுக்கும் சொல். வாயை மூடிக்கொண்டு தாங்குவதை வீரம் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

அம்மாவின் அழுகைக்கு வேறு ஒரு வேரும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நம் தோட்டங்களில் பட்டாளம் என்றால் போனவர் திரும்பாத கதைதான். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போட நம் ஆட்களை லோரி லோரியாக ஏற்றிப் போனார்கள், எத்தனையோ பேர் அங்கேயே புதைந்தார்கள். 1943இல் நேதாஜி வந்தபோது இதே தோட்டத்துப் பையன்கள் தாங்களாகவே அவருடைய இந்திய தேசிய ராணுவத்துக்குப் பேர் கொடுத்துப் பர்மாவுக்குப் போனார்கள், பெண்கள்கூட ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து துப்பாக்கி பிடித்தார்கள். எங்கள் தாத்தா அதில் போய்த் திரும்பியவர், அவர் தம்பி திரும்பவில்லை. பாட்டி சாகும் வரை காக்கி உடுப்பைக் கண்டால் உள்ளே போய்விடுவார். இந்தப் பயம் சொல்லிக்கொடுத்து வருவதில்லை, வீட்டுக்குள்ளேயே ஊறியது. அதனால் அம்மாவிடம் வாதாடாதே. இன்றைய வேலை என்ன என்று எடுத்துச் சொல்: எல்லைக் காவல், வெள்ளத்தில் ஆட்களை மீட்பது, வாய்ப்பு வந்தால் ஐ.நா. அமைதிப்படையோடு வெளிநாடு போவது, 2007இலிருந்து நம் ஆட்கள் லெபனானுக்குப் போயிருக்கிறார்கள். ஆபத்தே இல்லை என்று மட்டும் சொல்லாதே, லகாட் டத்துவை அவரும் டிவியில் பார்த்திருப்பார்.

தேர்வு நாள் பற்றிச் சுருக்கமாக. விண்ணப்பத்துக்குக் காசே கிடையாது. "ஆளைத் தெரியும், மூவாயிரம் கொடு, உள்ளே போட்டுவிடுகிறேன்" என்று யாராவது வந்தால் அவன் ஏமாற்றுக்காரன், உன் அப்பாவிடமும் இதை இன்றைக்கே சொல்லி வை, ஏனென்றால் அவர்கள் பையனிடம் வருவதில்லை, அப்பாவிடம்தான் வருவார்கள். கல்யாணம் ஆகாதவராக இருக்க வேண்டும். உயரம், எடை, கண், நிறக்குருடு, தட்டைப் பாதம், கால் நரம்பு, பச்சை குத்தியிருக்கிறதா, எல்லாம் பார்ப்பார்கள். சின்ன வயதில் வீசிங் இருந்ததை மறைத்துப் போய்ப் பயிற்சியில் மூச்சுத் திணறி விழுந்தவனைப் பார்த்திருக்கிறேன், அந்த வேலையைச் செய்யாதே. நேர்காணல் மலாயில், உனக்கு அது கவலை இல்லை.

உன் விஷயத்தில் என் முடிவு: போ, ஆனால் இந்த மாதமே விண்ணப்பிக்க ஓடாதே. கூட்டாளிகள் கிளம்பிவிட்டார்கள், ஊரில் தனியாக இருக்கிறோம் என்கிற வேகமும் உன் எழுத்தில் தெரிகிறது, அந்த வேகம் ஆறு மாதத்துக்குத்தான் வரும், இருபத்தொரு வருஷத்துக்கு வராது. முதலில் வத்தானியாவில் சேர்ந்து பார், அது தொண்டூழியப் படை, வேலையை விடாமலே பயிற்சிக்குப் போகலாம், அலவன்ஸும் உண்டு. பூட்ஸ் போட்டு வெயிலில் நின்று ஒருவன் கத்துவதைக் கேட்டு, மறுவாரமும் போகத் தோன்றுகிறதா என்று உனக்கே தெரிந்துவிடும். அதே நேரம் ஒரு தொழிற்பயிற்சிக்குப் பேர் கொடு, மோட்டார் வாகனமோ மின்சாரமோ, எது கிடைத்தாலும். சான்றிதழ் கையில் வந்ததும் பெராஜூரித் மூடா என்கிற புதுப் படைவீரர் பணிக்கு அடுத்து ஆள் எடுக்கும்போது விண்ணப்பம் போடு. ஒரு வருஷம் போனால் உனக்கு 20 வயது, ஒன்றும் கெட்டுப்போகாது. உன் தம்பி மூன்றாம் படிவம் என்றாய், அவனுக்குப் படிப்பு வந்தால் நான்காம் படிவத்துக்கு சுங்கை பெசி அரச ராணுவக் கல்லூரிக்கு எழுதச் சொல், அந்தப் பாதை அதிகாரியாகும் பாதை, நம் வீடுகளில் யாரும் அதைச் சொல்லிக் கொடுப்பதில்லை.

இன்றைக்கே செய்ய ஒன்று இருக்கிறது. தோட்டத்து லோரிப் பாதையில் 2.4 கிலோமீட்டர் அளந்து வைத்துக்கொள், அங்கே ஓட வைக்கும் தூரமும் அதுதான். தினமும் காலையில் ஓடி நேரத்தை ஒரு நோட்டில் எழுது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டோடு அம்மாவையும் அழைத்துக்கொண்டு பட்டறைக்கு வா, பகாவ் ரயில் நிலையத்துக்குப் பின்னால் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். என் மனைவியும் இருப்பார். உன் அம்மா என்னிடம் கேட்கத் தயங்குவதை அவரிடம் கேட்பார், நாம் இரண்டு பேரும் வெளியே நின்றுகொள்வோம்.